ஜனாப் ஹுனைஸின் வினைத்திறன் திரை

பாலாவிச் சந்தியில் கற்பிட்டிப் பக்கம் திரும்பிக் கொஞ்சத் தூரம் போனால், இடது கைப் பக்கம் ஒரு மஞ்சள் கட்டடம் வரும். அதன் சுவரில் 'சுவர்' என்று எழுதி ஒட்டியிருக்கும். அதுதான் களப்பு அனுமதிகள் ஒருங்கிணைப்புக் காரியாலயம், கடலோரக் களப்பில் வள்ளம் விட அனுமதி கொடுக்கிற இடம். உள்ளே போனால் கதவுக்குக் 'கதவு', அலுமாரிக்கு 'அலுமாரி', கதிரைக்குக் 'கதிரை'. தண்ணீர்க் குழாய்க்கு மேலே 'குழாய்' என்று மூன்று மொழியிலும் ஒட்டியிருந்தது. மூன்று மொழியிலும் தண்ணீர் வரவில்லை.

இதெல்லாம் வினைத்திறன் மேன்மை விருதுக்காக. வருடா வருடம் கொழும்பிலிருந்து ஒரு நடுவர் குழு வரும், கந்தோர் கந்தோராகப் புள்ளி போடும். எந்தப் பொருளும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒட்ட வேண்டும், நிலத்தில் மஞ்சள் கோடு போட வேண்டும். ஆறு வருடமாக இந்தக் காரியாலயம் போட்டியிட்டு, பங்குபற்றியதற்கான சான்றிதழ் ஆறு வாங்கி, ஆறையும் சட்டம் போட்டு மாட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே 'சான்றிதழ்' என்று ஒட்டியிருந்தது. முற்றத்தில் பணிப்பாளரின் வாகனத்துக்கென்று மஞ்சள் கட்டம் கீறினார்கள். ஊர்க் கழுதைகள் வந்து அதற்குள் படுத்துக்கொண்டன. கழுதைகளுக்கென்று வேறொரு கட்டம் கீறிப் பெயரும் எழுதினார்கள். கழுதைகளுக்கு வாசிப்பு வராது என்பதைச் செயற்குழு அடுத்த கூட்டத்தில் குறிப்பெடுத்துக்கொண்டது.

பணிப்பாளர் ஜனாப் ஹுனைஸ் பதில் கடமைக்கு மூன்று மாதம் என்று வந்தவர். அந்த மூன்று மாதம் ஆறு வருடமாக நடக்கிறது. நிரந்தரப் பணிப்பாளராக வேண்டுமென்றால் விருது வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அன்று முதல் அவர் நிம்மதியாகத் தூங்கவில்லை, மற்றவர்களையும் தூங்க விடவில்லை. கந்தோரில் தூங்கியவர்களைத்தான் சொல்கிறேன்.

இந்தக் கந்தோரில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை பார்த்தவள் ஃபஹ்மியா. பிள்ளைப்பேற்று விடுமுறை முடிந்து அவள் திரும்பி வந்தபோது, அவளுடைய நல்ல கணினியை யாரோ கிளப்பிக்கொண்டு போய், பத்து வயதுப் பழசு ஒன்றை வைத்திருந்தார்கள். காலையில் அதை முடுக்கிவிட்டு, தேத்தண்ணி குடித்து, ஊர்க்கதை பேசி முடித்தாலும் அது கண் விழிக்காது. கொழும்புக் கணினிப் பிரிவுக்கு எழுதினாள். அடுத்த காலாண்டில் ஆள் அனுப்புவதாகப் பதில் வந்தது. எந்த வருடத்துக் காலாண்டு என்று பதிலில் இல்லை.

அவள் காத்திருக்கவில்லை. பழைய கணினியிலும் ஓடக்கூடிய லினக்ஸைப் போட்டு, அதற்கு மேல் டைலிங் விண்டோ மனேஜர் என்ற ஒன்றையும் போட்டாள். சாதாரண கணினியில் விண்டோக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்துக்கொள்ளும், கந்தோர் மேசையில் ஃபைல்கள் கிடக்கிற மாதிரி. இதில் அந்தக் கதை இல்லை. ஒன்றைத் திறந்தால் முழுத் திரையும் அதற்கு. இரண்டாவது வந்தால் பாதி பாதி. மூன்றாவது வந்தால் முன்னே வந்தவை ஒதுங்கி இடம் கொடுக்கும். தரைக்கு ஓடு பதித்ததுபோல எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஒன்றுக்கு அடியில் ஒன்று போய் ஒளியாது. மவுஸ் தேவையில்லை. எல்லாம் கீபோர்டால்தான்.

இதை அவள் படித்தது வீட்டில், விடுமுறையில். வலது கையில் பிள்ளை, இடது கைக்குத் தம்பியின் பழைய லப்டொப். ஒற்றைக் கையால் மவுஸையும் பிடித்து எழுத்தையும் அடிக்க முடியாது. ஆகவே அவள் உண்டாக்கிய கட்டளைகள் எல்லாம் கீபோர்டின் இடது பக்கமாகவே வந்து குந்தின. ஒரு பட்டனை அமர்த்திக்கொண்டு கியூவைத் தட்டினால் புதிய விண்ணப்பம். டபிள்யூவைத் தட்டினால் அடையாள அட்டை இலக்கம் சரிபார்க்கப்படும். ஈயைத் தட்டினால் வள்ளத்தின் பதிவு வந்து தானாக நிரம்பும். ஆரைத் தட்டினால் சிங்களத்திலும் தமிழிலும் அனுமதிப்பத்திரம் அச்சாகும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அவள் எழுதிய சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் ஓடியது. மூன்று நாள் வேலை நாலு நிமிடத்தில் முடிந்தது. அவளுக்கு அது முடியத்தான் வேண்டும். பாலூட்டும் தாய்மார் சட்டப்படி ஒரு மணித்தியாலம் முன்னதாகப் போகலாம். மூன்றேகாலுக்கு அவள் எழும்பினால் பத்து நிமிடத்தில் வீடு, பிள்ளை மடியில்.

முதல் அடி கண்டக்குழியிலிருந்து வந்த சித்தி மரியம் என்பவருக்கு விழுந்தது. மகனுடைய வள்ளத்துக்கு அனுமதி எடுக்க வந்த மனுஷி, மூன்று நாளுக்குத் தேவையான சாமானோடு வந்திருந்தார். பையில் ஒரு சோற்றுப் பொதியும் மாற்றுடுப்பும் இருந்தன.

"இந்தாங்க மாமி, முடிஞ்சிது" என்று ஃபஹ்மியா தாளை நீட்டினாள்.

சித்தி மரியம் வாங்கவில்லை. "ரெண்டாந் தரம் எப்ப வரணும் மகள்?"

"வரத் தேவையில்ல. நீங்க போகலாம்."

"அப்படிச் சொல்லாதீங்க. நான் என்ன பிழ செஞ்சன்?"

தாளைக் கையில் திணித்தும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மத்தியானம் வரைக்கும் ஆட்கள் காத்திருக்கிற வாங்கில் உட்கார்ந்திருந்து, யாராவது வந்து பறிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, சோற்றுப் பொதியை அங்கேயே சாப்பிட்டுப் போனார்.

இரண்டு வாரத்தில் வாங்குகள் காலியாகின. ஜனாப் ஹுனைஸ் ஒரு காலை தன் அறையிலிருந்து வெளியே வந்து, காலி வாங்குகளைப் பார்த்து, ஜும்ஆ நாளான வெள்ளிக்கிழமையோ என்று நினைத்துக் கலண்டரைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை. உடனே ஃபஹ்மியாவைக் கூப்பிட்டார்.

"மிஸ், நான் கோவமா கதைக்கல்ல, விளங்கப்படுத்துறன். ஒரு ஆள் இந்தக் கந்தோருக்கு மூணு தரம் வரணும். முதல் நாள் வந்தா என்ன கொண்டு வரல்ல எண்டு தெரியும். ரெண்டாம் நாள் வந்தா எங்களத் தெரியும். மூணாம் நாள் வந்தாத்தான் அந்தப் பேப்பர்ட பெறுமதி தெரியும். நாலு நிமிஷத்துல தூக்கிக் குடுத்தா எங்களுக்கு என்ன மரியாத? வாங்கு காலியா இருந்தா, இந்தக் கந்தோருக்குப் பதினேழு பேர் என்னத்துக்கு எண்டு கொழும்புல கேப்பாங்க. நான் ஆறு வருஷமாப் பாடுபட்டு அந்தக் கேள்விய யாரும் கேக்காமப் பாத்திருக்கன்."

"அப்ப மெதுவாச் செய்யட்டா சேர்?"

"மெதுவா எண்டு நான் சொல்லல்ல. ஒழுங்கா எண்டு சொன்னன்."

ஒழுங்கு அடுத்த வாரமே வந்தது. பிரதம இலிகிதர் அஸீஸா மிஸ்தான் ஒழுங்குக் குழுவின் தலைவி. கையில் ஸ்டிக்கர் சுருளோடு மேசை மேசையாக வந்தார். ஃபஹ்மியாவின் மேசையில் அவருக்கு மூச்சே நின்றுவிட்டது. திரையில் காரியாலயத்தின் தூரநோக்கு வாசகம் இல்லை, பணிப்பாளரின் படம் இல்லை. அவற்றைவிடப் பயங்கரம், மவுஸ் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

"இது என்னத்துக்கு உள்ளுக்கு?"

"நான் பாவிக்கிறல்ல மிஸ்."

அஸீஸா மிஸ் பொருட் பதிவேட்டைத் திறந்தார். அதில் மூன்று நிரல்தான் உண்டு: பாவனையில் உள்ளது, பழுதடைந்தது, காணாமற் போனது. வேலை செய்கிற, ஆனால் யாரும் தொடாத மவுஸுக்கு நிரலே இல்லை. மவுஸ் தொடர்பாக மூவரடங்கிய குழு நியமிக்கப்பட்டது. குழு இரு தடவை கூடி, தேத்தண்ணியும் ரோல்ஸும் எடுத்து, பின்வரும் முடிவுக்கு வந்தது: சம்பந்தப்பட்ட உத்தியோகத்தர் மேற்படி மவுஸை நாளொன்றுக்கு இரு தடவை பாவித்து, 'மவுஸ் பாவனைப் பதிவேட்டில்' ஒப்பமிட வேண்டும். அன்று முதல் ஃபஹ்மியா காலை ஒன்பதுக்கும் பிற்பகல் இரண்டுக்கும் மவுஸை மேசையில் வைத்து, இடமும் வலமும் ஒரு தரம் அசைத்து, ஒப்பம் வைத்து, திரும்ப லாச்சிக்குள் போட்டாள். அதுவரைக்கும் அவளுக்கு இது சிரிப்பாகத்தான் இருந்தது.

அப்புறம் பெட்டிஷன் வந்தது. மொட்டைப் பெட்டிஷன். கீழே 'நலன்விரும்பும் பொதுமக்கள்' என்று மட்டும் இருந்தது. மேற்படி பெண் உத்தியோகத்தர் கறுப்புத் திரையில் இரகசிய எழுத்துகளை அடிக்கிறார், மவுஸைத் தொடுவதில்லை, இது தேசத்துக்கு நல்லதல்ல என்று ஆரம்பித்து, பாலூட்டும் விடுமுறையில் வந்து முடிந்தது. 'பிள்ளை உண்மையிலேயே உண்டா என்பதும் விசாரிக்கப்பட வேண்டும்' என்பது கடைசி வரி.

ஃபஹ்மியா பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்தாள். அது பிரதி, உறுதிப்படுத்த வேண்டும் என்றார்கள். கிளினிக் அட்டையைக் கொடுத்தாள். அட்டையில் நிறை எழுதியிருக்கிறதே தவிர, பிள்ளை இப்போதும் இருக்கிறது என்று எழுதவில்லை என்றார்கள். பௌதிக ரீதியான சரிபார்ப்புக்குப் பிள்ளையை நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுவந்தாள். ஒன்பது மாதப் பிள்ளை. குழு அதைச் சுற்றி நின்று பார்த்தது. குழுவைப் பார்த்துப் பிள்ளை அழுதது. அழுகை குறிப்பேட்டில் பதியப்பட்டது.

வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் கண்டாள், பிள்ளையின் முதுகில் ஒரு ஸ்டிக்கர்: 'சரிபார்க்கப்பட்டது'. அஸீஸா மிஸ் பழக்கதோஷத்தில் ஒட்டியிருக்கிறார். ஃபஹ்மியா அதை மெதுவாக உரித்தாள். அந்த நிமிடத்தில் அவளுக்குள் இருந்த சிரிப்பு செத்துப்போனது. இவர்களுக்கு ஒரு நாளைக்குக் கொடுக்காமல் விடமாட்டேன் என்று நினைத்தாள். வாய்விட்டும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தது பிள்ளை மட்டும்தான்.

அடுத்த நாள் ஜனாப் ஹுனைஸ் மிகவும் வருத்தத்தோடு இருந்தார். அவர் வருத்தப்பட்டால் யாருக்கோ இடமாற்றம் என்று அர்த்தம்.

"நான் என்ன செய்யிற மிஸ்? எனக்கு உங்கள நல்ல விருப்பம். ஆனா பொதுமக்கள் எழுதியிருக்காங்க. பொதுமக்கள் கேட்டா நான் செய்யாம இருக்கேலுமா? எலுவன்குளத்துக்குத்தான் போடணும்."

எலுவன்குளம் வில்பத்துக் காட்டோரம். அங்கே குளம் உண்டு, வயல் உண்டு, யானை உண்டு. களப்பு மட்டும் கிடையாது. ஆனாலும் ஒரு தேர்தல் நேரத்தில் அங்கே களப்பு அனுமதிகள் காரியாலயத்தின் கிளை ஒன்று திறக்கப்பட்டுவிட்டது. அதைத் திறந்து வைத்தவரும் திரும்பி வரவில்லை, அனுமதி கேட்டும் யாரும் வரவில்லை. காலையில் பஸ் ஏறினால் பொழுதுபட்டுத்தான் பாலாவிக்குத் திரும்பலாம். அங்கே போனால் பிள்ளை பால் மறக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை. ஃபஹ்மியா வெளியே வந்தாள்.

கடிதம் வருவதற்கு முன் விருதுக் குழுவின் புதிய புள்ளித் தாள் வந்தது. இந்த வருடம் 'புத்தாக்கம்' என்று ஒரு பகுதி. இருபத்தைந்து புள்ளி. ஜனாப் ஹுனைஸ் செயற்குழுவைக் கூட்டி, நம்மிடம் புத்தாக்கம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பிளாஸ்டிக் போத்தலில் செய்த பூச்சாடி ஒன்று இருந்தது. அதை மூன்று வருடமாகக் காட்டியாயிற்று. அப்போது அஸீஸா மிஸ் தயங்கித் தயங்கி, "ஃபஹ்மியாட கம்பியூட்டர்ல எதுவும் ஒண்டுக்கு மேல ஒண்டு போகுதில்ல சேர். எல்லாம் அதது இடத்துல இருக்கு" என்றார்.

பணிப்பாளர் கண்ணை மூடித் திறந்தார். திறந்தபோது அது அவருடைய கண்டுபிடிப்பாக இருந்தது.

"நான் இத கொஞ்ச நாளா யோசிச்சிட்டு இருந்தன்" என்று அவர் கூட்டத்தில் பேசினார். "மேசையில ஒழுங்கு, அலுமாரியில ஒழுங்கு. திரையில மட்டும் என்னத்துக்கு ஒழுங்கு இல்ல எண்டு. இந்த எண்ணம் எனக்குத் தொழுதுட்டு வரக்குள்ள வந்திச்சி. மிஸ் ஃபஹ்மியா என்ட எண்ணத்த முன்கூட்டியே செஞ்சி பாத்திருக்கா. அதுக்கு அவவுக்கு நன்றி. இனி எல்லாக் கம்பியூட்டரும் ஒரே மாதிரி இருக்கணும். இதுக்குப் பேர், பணிப்பாளரின் வினைத்திறன் திரை."

பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "இத நல்லாச் செஞ்சி தாங்க. போட்டி முடிஞ்சதும் எலுவன்குளக் கதைய நான் மறந்துடுறன். அல்லாஹ்வுக்காகச் சொல்றன்."

ஃபஹ்மியா நம்பினாள். அவளுடைய குற்றங்களில் பெரியது இதுதான். பதினொரு கணினியையும் ஒரு வாரத்தில் மாற்றினாள். பணிப்பாளரின் கணினிதான் கடைசி. அவருக்குப் பட்டன்களை மனப்பாடம் பண்ண நேரமில்லை. ஆகவே ஒன்றே ஒன்று கேட்டார்.

"நேத்து நான் என்னென்ன திறந்து வச்சேனோ, காலையில போட்டதும் அதெல்லாம் அப்படியே வரணும். தேடிட்டு இருக்க ஏலாது. பெரிய மனுசனுக்கு அது சரியில்ல."

அவள் அதற்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தாள். அவர் எதையும் மூடுகிறவர் அல்லர். பழைய முறையில் எல்லாவற்றையும் ஒன்றின் பின்னால் ஒன்றாகத் தள்ளி மறைத்தே பழக்கம். வேண்டாதவற்றை வேறொரு திரைக்குத் தள்ளி வைக்க இதிலும் பட்டன் உண்டு. அதைச் சொல்லிக் கொடுக்கலாம் என்று அவள் வாயெடுத்தாள். அவர் ஃபோனை எடுத்துவிட்டார்.

போட்டி நாள் காலை ஏழரைக்கு ஃபஹ்மியா வந்தாள். பணிப்பாளரின் கணினியை மண்டபத்துக்குக் கொண்டுவந்து, புரொஜெக்டரை அதோடு பூட்டி, சரியாக வருகிறதா பார்க்க ஒரு தரம் முடுக்கினாள். நேற்று அவர் திறந்து வைத்ததெல்லாம் சொல்லிவைத்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. ஒன்று கார்ட்ஸ் விளையாட்டு. ஒன்று வண்ணாத்திவில்லுவில் தென்னங்காணி விற்பனை விளம்பரம். மூன்றாவது அவளுடைய இடமாற்றக் கடிதம். வருகிற திங்கட்கிழமை முதல் எலுவன்குளம் என்று நேற்றுப் பின்னேரம்தான் திருத்தியிருக்கிறார். நாலாவது பெட்டிஷன். நலன்விரும்பும் பொதுமக்கள் எழுதிய அதே பெட்டிஷன், பொதுமக்களின் சொந்தக் கணினியில் இருந்தது.

அவள் இரண்டையும் பார்த்தாள். கடிதத்தின் திகதி மூன்றாம் திகதி. 'பொதுமக்களிடமிருந்து கிடைத்த மனுவின் அடிப்படையில்' என்று அதில் இருந்தது. மனுவின் திகதி ஆறாம் திகதி. மனு வருவதற்கு மூன்று நாள் முன்னாலேயே அதன் அடிப்படையில் கடிதம் அடித்துவிட்டார். வேறு எந்தக் கணினியாக இருந்தாலும் இவற்றில் ஒன்று மற்றதன் பின்னால் போயிருக்கும், யாருக்கும் தெரியவந்திராது. மனுவை அவள் கீழே உருட்டினாள். இரண்டாம் பக்கமும் இருந்தது. அதை இரண்டு தரம் வாசித்தாள்.

மூடிவிட அவளுக்கு ஒரு விரல் போதும். அவள் மூடவில்லை. பிள்ளையின் முதுகில் ஒட்டியிருந்ததை நினைத்தாள். நடுவர் குழு வர இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. அவள் கதிரையை இழுத்துப் போட்டு, அந்தக் கணினிக்கு மட்டும் ஆறு வரி எழுதினாள். விண்டோவை மூடும் பட்டன் வேலை செய்யாது. புதிதாக எது திறந்தாலும் இருப்பவற்றோடு சமமாகத்தான் பங்கு. எதுவும் முழுத் திரையைப் பிடிக்க முடியாது. எதையும் வேறு திரைக்குத் தள்ள முடியாது. மவுஸ் அசையும், இழுக்காது. எழுத்துகள் பின்வரிசைக்கும் தெரிகிற அளவு. பிறகு கணினியை நிறுத்திவிட்டு, போய்த் தேத்தண்ணி குடித்தாள். அந்தக் கந்தோரில் அவள் குடித்த நல்ல தேத்தண்ணி அது ஒன்றுதான்.

நடுவர் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் அமைச்சின் மேலதிகச் செயலாளர் ஹெட்டிகே அம்மையார். தமிழ் தெரியாது. சிங்களப் பரீட்சை தேறிய ஒரே உத்தியோகத்தர் என்பதால், மொழிபெயர்ப்புக் கடமை ஃபஹ்மியாவுக்கு எழுத்தில் கொடுக்கப்பட்டிருந்தது. மண்டபத்தில் 'திருப்தியடைந்த பொதுமக்கள்' என்ற ஸ்டிக்கருக்குக் கீழே நாற்பது பேரை இருத்தி, ஆளுக்கொரு வட்டிலப்பம் கொடுத்திருந்தார்கள். முன்வரிசையில் சித்தி மரியம் இருந்தார். இந்தத் தடவையும் சோற்றுப் பொதி கொண்டுவந்திருந்தார்.

ஜனாப் ஹுனைஸ் கோட் போட்டிருந்தார். "கண்ணியத்துக்குரிய அம்மையாருக்கு ஸலாம். நான் வெளிப்படையான மனிசன்" என்று ஆரம்பித்தார். "என்ட கந்தோர்ல எதுவும் எதுக்குப் பின்னாலயும் ஒளியாது. இந்தத் திரை என்ட உள்ளம் மாதிரி. இப்ப காட்டுறன், பாருங்க."

ஃபஹ்மியா ஒரு வார்த்தை குறையாமல் மொழிபெயர்த்தாள். அவர் பட்டனை அமர்த்தினார்.

அவருடைய உள்ளம் நாலு துண்டாக வந்து திரையில் நின்றது.

ஒரு விநாடி அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும், தூரநோக்கு வாசகம் போட்ட அறிமுக உரைப் படத்தைத் திறந்து மற்றவற்றை மூடி மறைக்கப் பார்த்தார். படம் ஐந்தாவதாக ஒரு துண்டுக்குள் போய் அடக்கமாக உட்கார்ந்தது. திரும்பத் திறந்தார். ஆறு துண்டு. இன்னொரு தரம். ஏழு. தூரநோக்கு வாசகம் மூன்று இடத்தில் தெரிந்தது, நடுவில் பெட்டிஷன் அசையாமல் இருந்தது. மவுஸைப் பிடித்து இழுத்தார், அதன் வயர் கழன்று வரும்வரை இழுத்தார். ஒன்றும் நகரவில்லை. மவுஸ் மேசையில் எங்கே இருக்க வேண்டும் என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கர் மட்டும் கையோடு வந்தது.

"மிஸ்" என்று பல்லுக்குள்ளால் கூப்பிட்டார். "இத மூடுங்க."

"நான் மொழிபெயர்ப்புக் கடமையில இருக்கன் சேர்."

ஹெட்டிகே அம்மையார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் இலக்கம் எல்லா மொழியிலும் ஒன்றுதானே. பேனாவால் ஒரு துண்டைக் காட்டினார், பிறகு பக்கத்துத் துண்டைக் காட்டினார். இது என்ன கடிதம் என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஒரு உத்தியோகத்தருக்கு இடமாற்றக் கடிதம் மேடம்."

"காரணம்?"

"ஒரு மனு."

"மனு எது?"

"பக்கத்துல உள்ளது மேடம்."

அம்மையார் திகதிகளை இன்னொரு தரம் பார்த்தார். அவர் முப்பது வருடமாக அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர். கோபப்படவில்லை, வேலையில் இறங்கினார். ஆறாம் திகதி மனுவுக்கு மூன்றாம் திகதியே எப்படி நடவடிக்கை எடுத்தீர்கள் என்று பணிப்பாளரிடம் கேட்டார்.

ஜனாப் ஹுனைஸ் நெற்றியைத் துடைத்தார். "அது... அதுதான் வினைத்திறன் மேடம்."

ஃபஹ்மியா மொழிபெயர்த்தாள். நடுவர்களில் ஒருவர் அதற்குப் புள்ளி போடப் போனார். அம்மையார் அவருடைய கையைப் பிடித்தார்.

"மனுவை எழுதியவர்கள் யார்?"

"பொதுமக்கள்" என்றார் பணிப்பாளர்.

அம்மையார் திரும்பி, ஸ்டிக்கருக்குக் கீழே இருந்த நாற்பது பேரையும் பார்த்தார். இவர்கள்தானே பொதுமக்கள், இவர்களிடம் கேளுங்கள் என்றார். ஃபஹ்மியா தமிழில் கேட்டாள். சித்தி மரியம் வட்டிலப்பக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நாங்க எழுதல்ல மகள். எங்களுக்குப் பேப்பர் தந்த பிள்ள மேல நாங்க என்னத்துக்கு எழுதுற? அதுவும் இவ்வளவு பெரிய எழுத்துல."

முற்றத்தில் ஒரு கழுதை கத்தியது. அம்மையார் அந்த மனுவை உரத்து வாசிக்கும்படி பணிப்பாளரிடம் சொன்னார். யாருடைய கணினியில் இருக்கிறதோ அவர்தான் வாசிக்க வேண்டும் என்றார்.

அவர் வாசித்தார். கறுப்புத் திரை என்று வாசித்தார், அவள் மொழிபெயர்த்தாள். இரகசிய எழுத்து என்று வாசித்தார், அவள் மொழிபெயர்த்தாள். பிள்ளை உண்மையிலேயே உண்டா என்ற வரிக்கு வந்ததும் அவர் சத்தத்தைக் குறைத்தார்.

"சேர், கொஞ்சம் சத்தமா. பின்னுக்கு இருக்கிறவங்களுக்குக் கேக்கல்லயாம்."

அவர் சத்தமாக வாசித்தார். அவள் அதை அதைவிடச் சத்தமாகச் சிங்களத்தில் சொன்னாள். அம்மையார் புள்ளித் தாளை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, வெள்ளைத் தாள் ஒன்றில் இடமாற்றம் இரத்து என்று எழுதி, ஒப்பமிட்டு, ஃபஹ்மியாவிடம் நீட்டினார். மூன்றேகாலுக்கு இனி அவள் எழும்பிப் போகலாம், யாரும் கேட்க முடியாது. ஜனாப் ஹுனைஸ் கைக்குட்டையை மடித்தார். முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்து, கதிரைகளை அசைத்தார்கள்.

ஃபஹ்மியாவுக்குப் போதும் என்று தோன்றவில்லை. கொஞ்சங்கூடத் தோன்றவில்லை. கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, கணினி மேசைக்குப் பக்கத்தில் போய், இடது கையால் ஒரு பட்டனை அமர்த்தினாள்.

"சேர், ரெண்டாம் பக்கமும் இருக்கு."

பெட்டிஷன் கீழே உருண்டது. இரண்டாம் பக்கத்துக்கு இன்னும் திகதி போடவில்லை, முடிவு தெரிந்த பிறகு போடலாம் என்று இடம் விட்டிருந்தது. விருது கிடைக்காவிட்டால் அமைச்சருக்கு அனுப்ப வேண்டியது அது. நடுவர் குழுத் தலைவி கையூட்டு வாங்கிக்கொண்டு புள்ளி போடுவதாக நலன்விரும்பும் பொதுமக்கள் அதில் மனம் வருந்தியிருந்தார்கள். ஜனாப் ஹுனைஸ் திரையைப் பார்த்தார், அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் வாசிக்கும்படி பேனாவால் சைகை காட்டினார்.

அவர் வாசித்தார். முதல் வரியிலேயே ஹெட்டிகே அம்மையாரின் முழுப் பெயரும் இருந்தது. பெயருக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. ஆனாலும் ஃபஹ்மியா மொழிபெயர்த்தாள்.